கீரையா, காயா, கனியா, பூவா: முதல் பையில் எதை வைப்பது?

திருச்சி கே.கே. நகரில் புது வீட்டுக்குக் குடிபோன அண்ணன் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நர்சரி வாசலிலிருந்தே படம் அனுப்பினாள். ஆட்டோவின் பின்னிருக்கையில் நான்கு ரோஜா, ஒரு ஒட்டு மா, ஒரு சப்போட்டா, குழித்தட்டு நிறையத் தக்காளி நாற்று, பெயர் தெரியாத சிவப்பு இலைச் செடி ஒன்று. "சித்தப்பா, இவ்வளவு போதுமா?" என்று கேட்டிருந்தாள். "செடிகளை இறக்கி வைத்துவிட்டு முதலில் வீட்டுக்குப் போ. இடத்தை அளந்துவிட்டுக் கூப்பிடு" என்றேன். நர்சரிக்காரர் என்னைச் சபித்திருப்பார்.

அளந்து சொன்னாள். மாடியில் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி போக மிஞ்சுவது 20 அடிக்கு 15 அடி. கீழே கிழக்குப் பக்கம் மதிலுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே 3 அடி அகலத்தில், 22 அடி நீளத்துக்கு மண்தரை. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். 4 வயதுக் குழந்தை. மாமியார் உடன் இருக்கிறார். மே மாதம் பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் ஊருக்குப் போவார்கள். இந்த விவரங்கள் இல்லாமல் எந்தச் செடி நல்ல செடி என்று யாராலும் சொல்ல முடியாது.

தாம்பரத்தில் ஒன்பது வருடமாக மாடியில் செடி வளர்த்து, வளர்த்ததில் பாதியைக் கொன்றவன் என்ற தகுதியில் நான் இரண்டே கேள்விகளை வைத்துத்தான் பார்ப்பேன். இந்தச் செடியைத் தேடி வீட்டாரின் கை வாரத்தில் எத்தனை முறை போகும்? பத்து நாள் பூட்டிவிட்டுப் போய்த் திரும்பினால் அது உயிரோடு இருக்குமா? விலை, ருசி, அழகு எல்லாம் அதற்குப் பிறகு.

அதற்கும் முன்னால் எடை. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டைமாடிக்கு இந்தியக் கட்டடத் தர விதி கணக்கில் எடுக்கும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ. செடி வளர்க்கும் 12 அங்குலப் பை ஒன்றில் மண் கலந்து நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 20 கிலோவைத் தொடும். ஒரு சதுர மீட்டரில் ஒட்டி ஒட்டி 9 பை வைத்தால் 180 கிலோ. ஆகவே நடுமாடியில் அடுக்காமல், அடியில் சுவரோ உத்தரமோ ஓடும் ஓரங்களில் வைப்பதும், மண்ணைக் குறைத்துத் தேங்காய் நார்க்கழிவைக் கூட்டுவதும் நல்லது. செங்கல் கட்டி ஓர் அடி உயரத்துக்கு மண் கொட்டிப் பாத்தி போடுகிறவர்கள் சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல் ஏற்றுகிறார்கள். பொறியாளரைக் கேட்காமல் அப்படிச் செய்த ஒரு வீட்டில், கீழே படுக்கையறைக் கூரை பூசணம் பூத்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு கணக்கிலேயே மாவும் சப்போட்டாவும் மாடிப் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகின்றன.

இனி ஒவ்வொன்றாக வருவோம். கீரையோடு தொடங்குகிறேன். என் ஓட்டு அதற்குத்தான் என்பதை மறைத்து வைப்பதில் பயனில்லை.

நாலடி நீளம், இரண்டடி அகலம் உள்ள ஒரு நீளப் பையில் அரைக்கீரை விதைத்தால் முப்பதாம் நாள் வாக்கில் முதல் அறுப்பு. வேரோடு பிடுங்காமல் அடியில் இரண்டு விரற்கடை விட்டு அறுத்தால் மறுபடி துளிர்த்து, பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த அறுப்புக்கு வந்துவிடும். ஒரு அறுப்பு எங்கள் நாலு பேர் வீட்டுக்கு ஒரு வேளைக் கூட்டுக்குச் சரியாக இருக்கும். இப்படி மூன்று பைகளைச் சில நாள் இடைவெளியில் விதைத்துவிட்டால் வாரம் இரண்டு நாள் கீரை கிடைக்கும். சிறுகீரையும் முளைக்கீரையும் இன்னும் அவசரக்காரர்கள். மூன்று வாரம், நான்கு வாரத்தில் பிடுங்கிவிடலாம். ஆனால் ஒரே அறுவடையோடு சரி, மறுபடி விதைக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அரைக்கீரையே தோது.

கீரை விதையின் முதல் எதிரி பூச்சியும் இல்லை, வெயிலும் இல்லை. எறும்பு. கடுகில் பாதிகூட இல்லாத அந்தக் கருப்பு விதையை மணலோடு கலந்து தூவிவிட்டுக் கையைக் கழுவி வருவதற்குள், பை விளிம்பில் ஒரு வரிசை கிளம்பியிருக்கும். குனிந்து பார்த்தால் வரிசையே நகரும் மிளகுப்பொடி மாதிரி இருக்கும், ஆளுக்கொரு விதை. நான் இரண்டு முறை "விதை சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டிய பிறகுதான் இதைக் கண்டுபிடித்தேன். பையைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி மாவைத் தூவி வைத்தால் அவை அதில் இறங்கிவிடுகின்றன. அதற்குள் விதை முளைவிட்டுவிடும்.

கீரையின் குறை, என் இரண்டாவது கேள்வியில் அது அப்பட்டமாகத் தோற்றுப்போகிறது. மே மாதத்தில் திருச்சி வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது மூன்று நாள் தண்ணீர் இல்லாவிட்டால் பையில் மிஞ்சுவது வைக்கோல்தான். ஆனால் இழப்பு என்ன? பத்து ரூபாய் விதை, ஒரு மாதம். தக்காளியில் இதே இழப்பு மூன்று மாதம். ஐப்பசி அடைமழையும் கீரைக்கு ஆகாது, இலையெல்லாம் சேறு அடித்துப் படுத்துவிடும். அந்த ஒன்றரை மாதம் பையைச் சும்மா விட்டு, மண்புழு உரம் கலந்து ஆறப் போடுவது என் வழக்கம்.

விதைக்கவே சோம்பலாக இருக்கிறவர்களுக்குப் பொன்னாங்கண்ணியும் கொடிப்பசலையும் இருக்கின்றன. இரண்டுமே தண்டு ஒடித்து நட்டால் வரும். மணத்தக்காளியை நீங்கள் நடாவிட்டாலும் குருவி நட்டுவிடும்.

அடுத்தது தாளிதச் செடிகளும் மருந்துச் செடிகளும். இவை குறைந்த இடத்தில் அதிகம் பயன்படுபவை, ஆனால் எல்லாவற்றையும் வளர்க்க வேண்டியதில்லை. கறிவேப்பிலையைக் கட்டாயம் வையுங்கள், அதுவும் மாடியில் அல்ல, கீழே மண்ணில். முதல் இரண்டு வருடம் அது வளர்கிறதா, தூங்குகிறதா என்று சந்தேகம் வரும். அப்போது நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டால் பக்கத்தில் கிளை வெடிக்கும். கடையில் காய்க்குக் கொசுறாகக் கிடைப்பதை ஏன் வளர்க்க வேண்டும் என்றால், தோப்புகளில் அதன் மேல் அடிக்கப்படும் மருந்துக்காகவும் பறித்த நிமிடத்தில் எண்ணெயில் விழும் இலையின் வாசனைக்காகவும். கொத்தமல்லியை வளர்க்காதீர்கள். வெயில் ஏறியதும் தண்டு நீட்டிப் பூத்துவிடும். மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் மனக்கஷ்டம்தான். புதினாவுக்குக் கடையில் வாங்கிய கட்டின் தண்டுகளே நாற்று. அரை நிழலில், அகலமான தொட்டியில், தனியாக வையுங்கள். வேறு செடியோடு சேர்த்து வைத்தால் அதன் வேரை நெரித்துவிடும். ஓமவல்லியும் பிரண்டையும் கவனிக்காமல் விட்டால் இன்னும் நன்றாக வருகிற ரகம். சளி பிடிக்கும் குழந்தை உள்ள வீட்டில் தூதுவளை ஒரு தொட்டி இருக்கலாம், முள் மேல் கவனம் இருந்தால்.

பத்து நாள் சோதனையில் கறிவேப்பிலை, ஓமவல்லி, பிரண்டை, சோற்றுக்கற்றாழை நான்கும் முழு மதிப்பெண். புதினா காய்ந்து சருகாகும். ஆனால் தண்ணீர் கண்டதும் அடியிலிருந்து எழுந்து வரும்.

காய்கறிதான் எல்லோருக்கும் ஆசை, எல்லோரும் சறுக்கும் இடமும் அதுவே. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது எனக்கும் வீரம் வந்தது. பத்துப் பை, பத்து நாற்று. நாற்றங்காலில் 25 நாள், நட்டு இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருப்பு, நடுவில் வெள்ளை ஈ, நாலு செடியில் இலைச் சுருட்டை. முதல் கிலோ பழம் கைக்கு வந்தபோது கடையில் விலை பழைய இடத்துக்கு இறங்கியிருந்தது. மனைவி அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. காய்க்காரரிடம் ஐந்து கிலோ வாங்கி வந்து என் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தக்காளி பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், இரவும் புழுங்கினால் பூவைக் கொட்டிவிடும். மகரந்தம் மலடாகிவிடுவதுதான் காரணம். எந்த டானிக் தெளித்தாலும் பூ நிற்காது. ஆக, நர்சரியில் பங்குனி மாதம் தக்காளி நாற்று விற்கிறார்கள் என்பதற்காக வாங்கக் கூடாது. திருச்சியில் புரட்டாசி விதைப்பு, ஐப்பசி நடவு, மார்கழி, தை, மாசியில் பழம். அந்தக் காலத்தில் நான்கு செடி வைத்துப் பாருங்கள். காலையில் ஒரு குடம், மறுநாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் இரண்டு குடம் என்று ஊற்றினால் காயின் அடி கறுத்துப்போகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மாற்றாக நான் சொல்வது கத்தரி. மூன்றே செடி. நட்டு இரண்டு மாதத்தில் காய்க்கத் தொடங்கி, ஓய்ந்ததும் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, எரு போட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். ஒரு வருடம்வரை தள்ளலாம். அதற்கு ஒரு வில்லன் உண்டு. நன்றாக இருக்கும் செடியில் ஒரே ஒரு குருத்து மட்டும் காலையில் தலை கவிழ்ந்து நிற்கும். தண்ணீர்க் குறைவு என்று நினைத்து ஊற்றாதீர்கள். அந்தக் குருத்தை ஒடித்து, நகத்தால் தண்டைப் பிளந்து பாருங்கள்: உள்ளே வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு சிறு புழு நெளியும். தண்டும் காயும் துளைக்கும் புழு இதுதான். வாடிய இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டி அழித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மூன்று செடியில் இதைத் தினம் பார்க்கலாம். முப்பது செடியில் முடியாது, அதனால்தான் விவசாயி மருந்துக்குப் போகிறார். வீட்டுத் தோட்டத்தின் லாபம் எனக்குத் தெரிந்து இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

வெண்டை 45 நாளில் காய்க்கும், ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். இரண்டு நாள் தப்பினால் அரிவாள்மனைக்கே அடங்காது. ஒரு வேளைப் பொரியலுக்குக் குறைந்தது எட்டுச் செடி இல்லாமல் ஆகாது. மிளகாய் இரண்டு செடி போதும். தினமும் கை போகிற செடி அது. அவரை, புடலை, பீர்க்கை, பாகல் எல்லாம் பந்தல் கேட்பவை. ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறார்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறவர்களும் அவர்களே. மாடியில் இரண்டாவது வாக்கு முந்திக்கொள்ளும். பந்தல் கம்பை மதில் சுவரோடு கட்டாமல் வெறும் பையில் ஊன்றி, ஒரே இரவில் கொடியோடு தெருவில் விட்டவன் நான். ஒரு கொடி மட்டும் என்றால் பீர்க்கை வையுங்கள். அதன் பூ மாலையில்தான் விரியும். காலையில் போய்ப் பார்த்துவிட்டு "பிஞ்செல்லாம் மஞ்சளாகிக் கொட்டுகிறது" என்று வருந்துகிறவர்கள், ஆறு மணிக்கு மேல் ஓர் ஆண் பூவைக் கிள்ளி, அடியில் குட்டிக் காய் ஒட்டியிருக்கும் பெண் பூவில் தடவிவிட்டுப் பாருங்கள். வேலையிலிருந்து திரும்பும் நேரத்துக்கு ஒத்துவரும் காய்.

பழத்துக்கு மண்தரைதான். 3 அடிச் சந்தில் மா, சப்போட்டா, தென்னை எதுவும் பேச்சுக்கே இடமில்லை. இன்னும் பத்து வருடத்தில் மதிலைத் தள்ளும். எலுமிச்சை பலர் சொல்வார்கள். ஒட்டோ பதியனோ வாங்கினாலும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும், குறுகிய சந்தில் அதன் முள் போகும்போதும் வரும்போதும் சேலையைப் பிடிக்கும். முருங்கை அந்தச் சந்தில் வளரும், காய்க்கவும் செய்யும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி பக்கத்து வீட்டுச் சுவரில் ஏறும்போது உறவு கெடும். மிஞ்சுவது பப்பாளியும் வாழையும்.

பப்பாளி எட்டுப் பத்து மாதத்தில் பழம் தரும், வேர் கட்டடத்தை மிரட்டாது, ஒரு மரமே வீட்டுக்குத் தாராளம். சாப்பிட்ட பழத்தின் விதையைப் போடுவதில் ஒரு சூதாட்டம் இருக்கிறது. ஆண், பெண் மரம் தனித்தனியாக வரும் ரகமாக இருந்தால், ஏழு மாதம் வளர்த்த பிறகு நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகப் பூ தொங்கும், காய் வராது. எனக்கு மூன்றில் இரண்டு அப்படி. இருபால் பூக்கும் மரமும் பெண் மரமும் மட்டுமே வரும் ரகங்களில், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 7 போன்றவற்றில், இந்தத் தலைவலி இல்லை. நாற்றாகவே கேட்டு வாங்குங்கள். பப்பாளிக்கு ஆகாத ஒன்று தேங்கும் தண்ணீர். அடி இரண்டு நாள் ஊறினால் அழுகிச் சாய்ந்துவிடும், அதனால் மேட்டில் நடுங்கள்.

மாவுப்பூச்சி வந்தால் பதறி மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் கண்ணில் பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்று விடாமல் தின்று தீர்த்தது. எந்த மருந்துக்கும் அடங்காததை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்துப் பெருக்கி விட்ட ஒரு பொடி ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. நீங்கள் அடிக்கும் விஷம் முதலில் கொல்வது இப்படிப்பட்ட குளவிகளைத்தான். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் போதும்.

வாழை வேறு மாதிரி. வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கும் ஊரில் வாழை வராமல் போகாது. ஒரு வருடத்துக்கு ஒரு தார், ஒரே நாளில் அத்தனையும் பழுத்துத் தெரு முழுக்கக் கொடுக்க வேண்டிவரும். ஆனால் இலை? வாரத்தில் இரண்டு நாள் இலை அறுக்கிற வீடு என்றால் கணக்கே மாறிவிடுகிறது. பாத்திரம் கழுவும் தண்ணீர் அதன் அடிக்குப் போகும்படி குழாயைத் திருப்பிவிட்டால், பத்து நாள் பூட்டிப் போனாலும் தாங்கும். தாய் மரம் போனதும் பக்கக்கன்று வரிசையில் நிற்கிறது. ஒன்றை மட்டும் விட்டு மற்றதை அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சந்து அடைந்துவிடும்.

பூ விஷயத்தில் நான் அவளோடு கொஞ்சம் சண்டையே போட்டேன். நர்சரி ரோஜா பெரும்பாலும் ஓசூர், பெங்களூர்ப் பக்கத்திலிருந்து களிமண் உருண்டையோடு வருவது. பையைக் கிழித்துப் பார்த்தால் வேரைச் சுற்றிச் சிவப்புக் களிமண் செங்கல் மாதிரி இறுகியிருக்கும். அதைப் பக்குவமாகக் கரைக்காமல் அப்படியே நட்டால், வாங்கி வந்த பூக்களோடு சரி. அப்புறம் ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே, அடிச்செடியிலிருந்து காட்டுத்துளிர் கிளம்பி மேல்செடியை மூடிவிடும், நமக்கும் செடி செழிப்பாக இருப்பதாக ஒரு மயக்கம். திருச்சி வெயிலில் நான்கு ரோஜாவைக் காப்பாற்றும் உழைப்பில் நாற்பது கீரைக்கட்டு வளர்க்கலாம்.

வீட்டில் பூச்சூடுகிறவர் இருந்தால் குண்டுமல்லி. கார்த்திகையில் முழங்கால் உயரத்துக்கு ஈவிரக்கமில்லாமல் கவாத்து செய்து, எரு போட்டு விட்டால் பங்குனியிலிருந்து ஆனிவரை பூக்கும். வெயில் ஏற ஏறப் பூவும் ஏறும் செடி அது. மாடியில் மற்றதெல்லாம் சுருளும் மாதத்தில் இது மட்டும் சிரிக்கும். பூஜைக்கு நந்தியாவட்டை. செம்பருத்தி மாவுப்பூச்சியின் பிறந்த வீடு, பப்பாளிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அரளியை 4 வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் நினைக்கவே வேண்டாம். அதன் இலை, பூ, விதை, தண்டு எல்லாமே விஷம். கத்தரிப் பைகளுக்கு நடுவே இரண்டு துலுக்கச் செவ்வந்தி வைத்தால் தேனீ வரும், அவ்வளவு செய்தால் போதும்.

கடைசியில் அவளுக்குச் சொன்னது இதுதான். மாடியில் மேற்கு ஓரச் சுவரை ஒட்டி மூன்று நீளப் பைக் கீரை, மூன்று கத்தரி, இரண்டு மிளகாய், ஒரு பீர்க்கைக் கொடி. தண்ணீர்த் தொட்டி நிழலில் புதினாவும் ஓமவல்லியும். கீழே சந்தில் கறிவேப்பிலை, வாசல் பக்கம் குண்டுமல்லி. தக்காளி ஐப்பசியில் நான்கு பை. முதல் வருடம் இதற்கு மேல் ஒரு பைகூட வேண்டாம். பையும் கலவையும் சேர்த்து ஒன்றுக்கு 150 ரூபாய்க்குக் குறையாது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தொகுப்பு கிடைத்தால் அதிலிருந்தே தொடங்கலாம். மே மாதப் பத்து நாளுக்கு முன்பே கீரைப் பையைக் காலி செய்துவிட்டு, கத்தரியைக் கவாத்து செய்து நிழல்வலைக்கு அடியில் தள்ளிவிட்டு, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

சந்தின் தென்கோடியில் இன்னும் 6 அடி காலியாக இருக்கிறது. அங்கே பப்பாளியா, வாழையா என்று மட்டும் முடிவாகவில்லை. அவளுக்குப் பப்பாளி வேண்டும். மாமியார், அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் இலை வாங்க மார்க்கெட்டுக்கு ஓட இனி முடியாது என்கிறார். குழி எடுத்தாகிவிட்டது, கன்றுதான் பாக்கி.